முதல் நாட்டுப்புறப் பாட்டு ஆல்பம்: ஸ்டூடியோவுக்குப் போகும் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

நான் சொந்தமாகப் பாட்டு எழுதி, தெம்மாங்கு, நடவுப் பாட்டுப் பாணியில் நானே மெட்டமைத்துப் பாடுகிறவன். ஊர் உசிலம்பட்டிப் பக்கம். என் முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு. ஒன்பது இருந்திருக்க வேண்டும். அந்த ஒன்பதாவது பாட்டு என் கையைவிட்டுப் போனது ஒரே ஒரு கையெழுத்தால்.

ஆல்பம் முடிய பதினான்கு மாதம் ஆனது. செலவு 1,95,000 ரூபாய். கேட்க ஆளில்லாமல் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கோயில் திருவிழாவிலும் கச்சேரி மேடையிலும் பாடிக்கொண்டிருந்துவிட்டு, ‘இனி நம் பாட்டை நாமே பதிவு செய்யலாம்’ என்று இப்போது நினைப்பவர்களுக்காகத்தான் இது.

1. எந்தப் பாட்டு யாருடையது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு கேள்வி: வரி யார் எழுதியது? மெட்டு யார் போட்டது? சட்டப்படி இரண்டும் தனித்தனிப் படைப்பு. வரி உங்களுடையதாக இருந்து மெட்டு ஊர் மெட்டாக இருக்கலாம். அப்படியானால் வரிக்கு மட்டும்தான் நீங்கள் உரிமை கொண்டாட முடியும்.

தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்த தாலாட்டு, ஒப்பாரி, கும்மி மெட்டுகளை யாரும் எடுத்துப் பாடலாம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ‘இது ஊர்ப் பாட்டுதானே’ என்று நாம் நினைப்பது, உண்மையில் கேசட் காலத்தில் ஒருவர் எழுதி வெளியிட்டு, பிறகு ஊரெல்லாம் பரவியதாக இருக்கும். எழுதியவர் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. அதனால் சந்தேகமான பாட்டை ஊரில் வயதான இரண்டு மூன்று பேரிடமாவது பாடிக் காட்டி, எங்கே கேட்டார்கள் என்று விசாரியுங்கள். ‘எங்கம்மா நடவுல பாடும்’ என்றால் நல்லது. ‘டேப்புல கேட்டது’ என்றால் நிறுத்திவிட்டுத் தேடுங்கள். எனக்கு ஒரு பாட்டு இப்படித்தான் கழன்றது. ஸ்டூடியோ வாடகை கட்டும் முன்பே கழன்றது பெரிய நிம்மதி.

மெட்டைக் கொடுத்த பாட்டியின் பெயரை நன்றிப் பட்டியலில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். வருமானத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்பதை அன்றைக்கே பேசி நோட்டில் எழுதிவிடுங்கள். சட்டம் கேட்காது. நாம் செய்ய வேண்டும்.

எத்தனை பாட்டு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை போன்ற, இணையத்தில் பாட்டு கேட்கும் தளங்களில் ஏழு பாட்டு இருந்தாலோ, மொத்தம் 30 நிமிடத்தைத் தாண்டினாலோதான் ஆல்பம் என்று காட்டும். நாலு முதல் ஆறு பாட்டு வரை, 30 நிமிடத்துக்குள் என்றால் இ.பி., அதாவது சின்ன ஆல்பம். கையில் காசு குறைவென்றால் நாலு பாட்டோடு இறங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

2. பதிவுக்கு யார் தயாரிப்பாளர்? இதற்குப் பதில் இல்லாமல் ஸ்டூடியோ வாசலை மிதிக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

பாட்டின் வரி, மெட்டு, பதிவான ஒலி என்று மூன்று உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் பாடியவர் அல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, அந்தப் பதிவைச் செய்ய முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர்தான் தயாரிப்பாளர். ஒலிப்பதிவின் உரிமை அவருக்கு. நீங்கள் காசு போட்டு, ஆள் கூப்பிட்டு, ஸ்டூடியோ எடுத்தால் தயாரிப்பாளர் நீங்கள். ‘எல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீங்க வந்து பாடுங்க போதும்’ என்று ஒருவர் சொன்னால் தயாரிப்பாளர் அவர்.

என்னிடம் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பதிவு இலவசம், வீடியோ இலவசம். பாடி முடித்த களைப்பில், மாலை ஆறு மணிக்கு, ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாளை நீட்டினார்கள். ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்றார்கள். போட்டேன். அதில் வரி, மெட்டு, ஒலி மூன்றையும், உலகம் முழுமைக்கும், உரிமைக்காலம் முடியும்வரை எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்பது ஐந்து மாதம் கழித்து ஒரு வக்கீல் படித்துச் சொல்லித்தான் தெரிந்தது. என் அம்மாவைப் பற்றி நான் எழுதிய பாட்டு அது. இன்றுவரை அவர்கள் வெளியிடவும் இல்லை, நான் வெளியிடவும் முடியாது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை திரும்பிவிடும். ஆனால் ‘பயன்படுத்தாவிட்டாலும் திரும்பாது’ என்று தாளிலேயே எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். என் தாளில் அந்த வரி இருந்தது. அதனால் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

ஒரு ஆறுதல் உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும், உரிமை வாங்கியவரோடு ராயல்டியில் (பாட்டைப் பயன்படுத்துவோர் தரும் தொகையில்) சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம். வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது.

புரியாத தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ‘வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சிட்டு நாளைக்குத் தர்றேன்’ என்று சொல்லுங்கள். ஒரு நாள் பொறுக்க முடியாதவரோடு தொழில் வேண்டாம். வக்கீலுக்கு நான் கொடுத்தது 1,500 ரூபாய். அதைக் கையெழுத்துக்கு முன்னால் கொடுத்திருக்க வேண்டும்.

3. வாத்தியக்காரர்களை அமர்த்துதல்: மாதம் பார்த்து, கட்டை பார்த்து

பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் திருவிழா, கொடை என்று மேளக்காரர்களும் பறை வாசிப்பவர்களும் ஓய்வில்லாமல் இருப்பார்கள். அந்த மாதங்களில் தேதி கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் ராத்திரி முழுக்க வாசித்துவிட்டுக் கண் சிவக்க வந்து நிற்பார்கள். கல்யாணம் இல்லாத மார்கழிதான் சரியான காலம். நான் மார்கழியில் பதினோரு நாள் எடுத்தேன்.

சுருதி விஷயத்தை முன்கூட்டியே பேசுங்கள். நாயனத்தின் சுருதி அந்தக் குழலிலேயே அடங்கியது. நம் தொண்டைக்காக அதை ஏற்றி இறக்க முடியாது. உங்கள் பாட்டு எந்தக் கட்டையில் (சுருதி அளவில்) இருக்கிறதோ அதற்கேற்ற குழல் அவரிடம் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். கீபோர்டுக்காரரோ வேறு பாஷை பேசுவார். ஒரு கட்டை என்றால் அவருக்கு சி, இரண்டு கட்டை டி, நாலரைக் கட்டை எஃப் ஷார்ப், ஐந்து கட்டை ஜி. இதை ஒரு தாளில் எழுதி ஸ்டூடியோவில் ஒட்டிவிட்டால் பாதி நாள் மிச்சம்.

சம்பளம் பேசும்போது சாப்பாடு, பஸ் செலவு, தங்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள். எனக்கு வாத்தியக்காரர்களுக்கு 41,000, போக்குவரத்து சாப்பாடு 18,500 ஆனது. வாசித்து முடித்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். ‘ரிலீஸ் ஆனதும் தர்றேன்’ என்ற பேச்சை அவர்கள் வாழ்நாளில் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள்.

வாசித்தவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் ஒவ்வொருவரிடமும் ஒரு சம்மதத் தாள் வாங்க வேண்டும்: பெயர், எந்தப் பாட்டு, என்ன வாத்தியம், தேதி, தொகை, இந்த ஆல்பத்தில் வெளியிடச் சம்மதம், பெயர் எப்படிப் போட வேண்டும். தமிழில் எழுதுங்கள். வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நகலை அவரிடமே கொடுங்கள். எனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு என் கையால் நேரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

கூடவே, தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர்கள் உறுப்பினரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கலை பண்பாட்டுத் துறையில் விண்ணப்பிக்க உதவுங்கள். நீங்களும் சேருங்கள்.

4. பதிவு நாள்

ஸ்டூடியோவைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். சினிமாப் பாட்டுக்கு டிராக் பாடும் சின்ன அறையில் பறை எடுபடாது. சத்தம் சுவரில் மோதி ஒரே இரைச்சலாகிவிடும். எனக்கு மணிக்கு 700 ரூபாய் வாடகையில், கொஞ்சம் பெரிய கூடம் உள்ள இடம் மதுரையில் கிடைத்தது. 46 மணி நேரம், 32,200 ரூபாய்.

பறை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று பேர் வந்து வெளியே வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீயில் காட்டி, தட்டிப் பார்த்து, ‘கிண்’ என்று சுருதி ஏறியதும் உள்ளே கொண்டுவந்தார்கள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) முடிவதற்குள் தோல் தளர்ந்து, பறையடிக்கும் மெல்லிய சிண்டுக்குச்சியின் ஓசையே செத்துவிட்டது. திரும்ப வெளியே, திரும்பத் தீ. இப்படி நாலு முறை. ஒன்றரை மணி நேரம் கரைந்தது. கடைசியில் மூத்தவர் அமைதியாகச் சொன்னார்: ‘தம்பி, அந்தக் காத்த நிறுத்தச் சொல்லுங்க. தோலு குளுந்தா பேசாது.’ ஏ.சி.யை அணைத்தோம். வேர்த்து ஒழுக வாசித்தார்கள். இரண்டே டேக்.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: தீ மூட்ட வெளியே இடம் இருக்கிறதா? அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்களா? ஏ.சி.யை நிறுத்தலாமா? மைக்கை பறையிலிருந்து பத்தடி தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கிட்டே வைத்தால் அடி மட்டும் விழும், நாதம் விழாது.

அடுத்த சிக்கல் கிளிக். ஒலிப்பதிவாளர் காதில் டிக் டிக் என்று ஒரு தாளத்தைக் கொடுத்து அதற்கு வாசிக்கச் சொல்வார். நம் பாட்டு அப்படி நடக்காது. நடவுப் பாட்டு மெல்ல ஆரம்பித்து, கை பழகப் பழக வேகம் கூடும். கிளிக்குக்கு எடுத்த என் முதல் இரண்டு பாட்டையும் குப்பையில்தான் போட்டேன்; சுருதி சரி, தாளம் சரி, உயிர் இல்லை. பிறகு குரலையும் பறையையும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பதிவு செய்துவிட்டு, நாயனத்தையும் புல்லாங்குழலையும் மேலே சேர்த்தோம். இப்படிச் செய்தால் பிறகு வெட்டி ஒட்டுவது கடினம். அதனால் ஒத்திகையை ஊரிலேயே முடித்துவிட்டுப் போங்கள். நாங்கள் எங்கள் ஊர்ப் பொது இடமான மந்தையில் ஐந்து சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். ஒரு பைசா செலவில்லை.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒலித் தரத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன் அன்றைய கோப்புகளை உங்கள் ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அப்புறம் அனுப்பறேன்’ என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம்.

5. மிக்ஸிங், மாஸ்டரிங்

பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பது மிக்ஸிங். கலந்ததை வெளியீட்டுக்கு ஏற்றபடி மெருகேற்றுவது மாஸ்டரிங். பாட்டுக்கு 5,000 வீதம் மிக்ஸிங் 40,000. பாட்டுக்கு 1,500 வீதம் மாஸ்டரிங் 12,000. எத்தனை முறை திருத்தம் என்பதை முதலிலேயே பேசுங்கள். மூன்று முறை போதும்.

குரலில் தானியங்கிச் சுருதித் திருத்தம் வேண்டாம் என்று எழுத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒப்பாரியில் வரும் இழுப்பும் குழைவும் அந்த மென்பொருளுக்குப் பிழையாகத் தெரியும், நீவி விட்டுவிடும்.

கீபோர்டுக்காரரோ மிக்ஸிங் செய்பவரோ இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் தாளத் துண்டுகளைச் சேர்த்தால் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். அதே துண்டை நூறு பேர் பயன்படுத்தியிருப்பார்கள். நாளைக்கு யூடியூப்பில் உங்கள் சொந்தப் பாட்டுக்கே வேறொருவர் பெயரில் உரிமைக் கோரல் வரும்.

பணம் கொடுத்து முடிக்கும் முன் வாங்க வேண்டியவை: இறுதி வேவ் கோப்பு (சுருக்காத ஒலிக் கோப்பு), குரல் இல்லாத மைனஸ் டிராக், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியான கோப்புகள். மேடையில் ஆள் குறைந்தால் மைனஸ் டிராக்தான் கைகொடுக்கும்.

6. பதிப்புரிமைப் பதிவு

பதிவு கட்டாயம் இல்லை. எழுதிய நொடியே உரிமை உங்களுடையது. ஆனால் தகராறு வந்தால் சான்றிதழ் பேசும். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, 14ஆம் எண் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒரு பாட்டின் வரிகளுக்கு 500 ரூபாய், மெட்டுக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். எட்டுப் பாட்டுக்கும் வரியும் மெட்டும் என்று 8,000 ரூபாய் கட்டினேன். ஒலிப்பதிவை இப்போதைக்கு விட்டுவிட்டேன், கையில் காசில்லை.

பணம் கட்டியதும் உங்கள் விண்ணப்பத்துக்கான டயரி எண் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பு. அதன் பிறகுதான் பரிசீலனையே தொடங்கும்; சான்றிதழுக்கு மாதக்கணக்கில் ஆகும். வெளியீட்டை அதற்காக நிறுத்த வேண்டாம். பாட்டைக் கூட எழுதியவர் இருந்தால் அவருடைய ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவை. அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

தபாலில் தனக்குத்தானே பாட்டை அனுப்பி உறை பிரிக்காமல் வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம்.

7. விநியோகஸ்தரைத் தேர்ந்தெடுத்தல்

தனி ஆளாக நேரே ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், ஜியோசாவனில் பாட்டு ஏற்ற முடியாது. நடுவில் விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் போன்றவற்றில் ஆண்டுக் கட்டணம். கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடலாம். சிடி பேபியில் ஒருமுறைக் கட்டணம், வருமானத்தில் 9 சதவீதம் அவர்களுக்கு. ஆண்டுதோறும் பாட்டு வெளியிடுபவருக்கு முதல் வகை லாபம். ஒரே ஆல்பம்தான் என்றால் இரண்டாவது வகை. எனக்கு ஆனது 2,300 ரூபாய்.

ஏற்றும் முன் தயாராக இருக்க வேண்டியவை: வேவ் கோப்பு, 3000க்கு 3000 பிக்செல் சதுர அட்டைப்படம், வரி எழுதியவர் மெட்டமைத்தவர் முழுப்பெயர், வாத்தியக்காரர் பெயர்கள். அட்டைப்படத்தில் போன் நம்பர், விலை, இணைய முகவரி எதுவும் இருக்கக்கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். படம் வரைந்தவருக்கு 6,000 கொடுத்தேன். அவரிடமும் ஒரு சம்மதத் தாள்.

உங்கள் பெயரை முதலில் தளங்களில் தேடிப் பாருங்கள். அதே பெயரில் வேறு பாடகர் இருந்தால் உங்கள் பாட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊர் பெயரையோ அப்பா பெயரையோ சேர்த்து ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து-எண் குறியீடு கிடைக்கும். விநியோகஸ்தரே இலவசமாகத் தருவார். நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் நிறுவனம் மாறினாலும் அதே குறியீட்டைக் கொடுத்தால்தான் கேட்ட எண்ணிக்கை அழியாமல் தொடரும்.

8. வெளியீட்டுத் தேதி

பொங்கல், தீபாவளியை விட்டுவிடுங்கள். சினிமாப் பாட்டு வெள்ளத்தில் நம் குரல் கேட்காது. நான் மாசியில் வெளியிட்டேன். திருவிழாக் காலம் தொடங்கும் முன் ஜனங்கள் காதில் பாட்டு விழுந்துவிட்டால், மேடைக்கு அழைப்பு வரும்.

தேதிக்கு நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் கலைஞர் கணக்கு வழியாக ஒரு பாட்டை அவர்களுடைய பாட்டுப் பட்டியல் (பிளேலிஸ்ட்) தொகுக்கும் குழுவுக்குப் பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால் செய்ய வேண்டும். வெளிவந்த பிறகு அந்த வாசல் மூடிவிடும்.

ஒரே ஒரு பாட்டுக்குத்தான் வீடியோ எடுத்தேன், 35,000 ரூபாய். அது இல்லாமலும் முடியும். பாட்டு பதிவாகும்போதே ஒரு நண்பர் போனில் எடுத்த, பறையைத் தீயில் காட்டும் இரண்டு நிமிடக் காட்சியைத்தான் அந்த வீடியோவைவிட அதிகம் பேர் பார்த்தார்கள். சி.டி. அச்சிட வேண்டாம். க்யூஆர் குறியீடு அச்சிட்ட சின்ன அட்டை நூறு அடித்து வைத்துக்கொண்டால் மேடை முடிந்ததும் கேட்பவர்கள் கையில் கொடுக்கலாம்.

மேடைக்கும் முயலுங்கள். பொங்கலையொட்டி அரசு நடத்தும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’, டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ இரண்டும் நம் போன்றவர்களுக்கு உரிய இடம். வெளிவந்த ஆல்பம் ஒன்று கையில் இருந்தால் விண்ணப்பிப்பது எளிது.

9. பணம் வரும் வழி

ஸ்ட்ரீமிங்கை நம்பி கடன் வாங்காதீர்கள். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அதற்கு ஒலிப்பதிவுக்கான ராயல்டியே கிடையாது. நீள வீடியோ வழியாக யூடியூப் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரரும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். கணக்கு இரண்டு மூன்று மாதம் தாமதமாகவே வரும். எனக்கு முதல் ஆறு மாதத்தில் தளங்களிலிருந்து வந்தது 3,140 ரூபாய். அதே ஆறு மாதத்தில் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு அழைத்த ஏழு மேடைகள்தான் போட்ட முதலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தன.

ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கத்தில் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் சேருங்கள். வானொலி, மேடை, ஹோட்டல், இணையத் தளங்களில் பாட்டு ஒலிப்பதற்கான ராயல்டியை வசூலித்துத் தருவது இவர்கள் வேலை. வெளிவந்த பாட்டின் விவரம், பான் கார்டு, ஆதார், வங்கி விவரத்தோடு ரத்து செய்த காசோலை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். சேர்ந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாக அவர்களிடம் பதிவு செய்ய வேண்டும். நான் சேர்ந்துவிட்டு நாலு மாதம் பாட்டுகளைப் பதியாமலே காத்திருந்தேன்.

அமெரிக்க விநியோக நிறுவனமானால் டபிள்யூ-8பென் என்ற வருமான வரிப் படிவத்தை நிரப்பச் சொல்வார்கள். அதில் பான் எண்ணைக் கொடுங்கள். நிரப்பாவிட்டால் அமெரிக்க வருமானத்தில் 30 சதவீதம் பிடிப்பார்கள். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி இந்தியர்களுக்கு 15 சதவீதம்தான். இங்குள்ள நிறுவனம் ராயல்டி கொடுத்தால் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வருமான வரி) பிடிக்கலாம். வருமானம் வருமான வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு உங்கள் பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். என் வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் ஆனது. அந்த வேலையை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். ஸ்டூடியோ தேதி வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை.